சின்ன சிஸ்டர் பேசிய தமிழ்

தமிழில் ‘சரி’ என்று சொல்ல அவளுக்கு மட்டும் கொஞ்ச நேரம் பிடிக்கும். நாமெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை சரி சொல்கிறோம் என்று நமக்கே தெரியாது. பாதிக்கு அர்த்தமே இருக்காது. எதிரில் இருப்பவர் பேச்சை முடித்தால் போதும் என்றுதான் சொல்கிறோம். அவள் அப்படி இல்லை. “நாளைக்குக் காலைல வரியா?” என்று கேட்டால் தரையைப் பார்ப்பாள். நாளைக்கு யார் யாருக்குப் புண் கட்ட வேண்டும், சைக்கிளில் காற்று இருக்கிறதா என்றெல்லாம் கணக்குப் போடுவாள் போல. அப்புறம் தலையை நிமிர்த்தி “சரி” என்பாள். சொன்னால் வந்துவிடுவாள். மழை என்றாலும் வருவாள், ஜுரம் என்றாலும் வருவாள். ஜுரத்தோடு வந்தவளை ஒருமுறை அம்மா வாசலிலேயே திட்டித் திருப்பி அனுப்பினாள்.

எல்லோரும் அவளைச் சின்ன சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். செங்கம் ரோட்டில் ஊர் முடியும் இடத்தில், படுத்த படுக்கையாகிவிட்ட வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் மிஷன் இல்லம் ஒன்று இருக்கிறது. அதை நடத்திய கேரளத்துக் கன்னியாஸ்திரி பெரிய சிஸ்டர். போலந்திலிருந்து வந்த இவள் சின்ன சிஸ்டர். அவள் அப்போது கன்னியாஸ்திரி ஆகவில்லை. நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு, சில வருஷம் வெளிநாட்டில் ஊழியம் செய்து பார்த்து, அதற்குப் பிறகு முடிவெடுக்கலாம் என்று வந்தவள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். என்னை அக்கா என்பாள்.

எங்கள் ஊரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தெருவில் நடந்தால் அவள் மனநிம்மதி தேடி வந்தவள் என்றுதான் அர்த்தம். பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்த ஆட்டோக்காரர்கள் எதுவும் கேட்பதில்லை. “ஆசிரமம்தானே மேடம், குந்துங்க” என்று வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். வந்த புதிதில் ஊசி மருந்து வாங்கப் போனவளை இரண்டு தடவை ரமணாசிரம வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அப்புறம் அவள் சைக்கிள் வாங்கிக்கொண்டாள். பௌர்ணமி அன்று மட்டும் சைக்கிள் உதவாது. கிரிவலக் கூட்டத்தில் நடந்துதான் வர வேண்டும். வழியில் அன்னதானம் கொடுப்பவர்கள் “சாப்பிடுங்கம்மா” என்று தொன்னையை நீட்டினால் வாங்கிச் சாப்பிடுவாள். அடுத்த பந்தலில் நீட்டினால் அதையும் வாங்குவாள். எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். “வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே” என்று கேட்டேன். “சாப்பிடுங்கன்னு சொன்னாங்களே அக்கா” என்றாள்.

அவள் தமிழைக் கற்றுக்கொண்ட இடம் அந்த இல்லத்தின் கட்டில்கள். புத்தகத்தில் கொஞ்சம் படித்திருந்தாலும் காதில் விழுந்து நாக்கில் ஒட்டியதெல்லாம் நோயாளிகளின் பேச்சு. அதனால் கடையில் பேரம் பேசத் தெரிவதற்கு முன்பே “முட்டி நோவுது”, “மூச்சு வாங்குது”, “ஒருக்களிச்சுப் படுங்க” எல்லாம் தெரிந்துவிட்டது. நல்ல வயசுப் பெண், நாற்காலியில் உட்காரும்போது “அப்பாடா, யா அல்லா, முருகா” என்று இழுத்து மூச்சு விடுவாள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்காரர்கள் சொல்வதை எல்லாம் சேர்த்து ஒரே வார்த்தை என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. பெரிய சிஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார். வாசலில் பார்க்கும்போதெல்லாம் “ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க சிஸ்டர்” என்பார். நாம் எல்லோரிடமும் சொல்வதுதான். அவள் ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டு “எந்த நாள்?” என்று கேட்டாள். டீச்சர் திகைத்துப்போய் “ஞாயித்துக்கெழம” என்றார். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது டீச்சர் குடும்பத்தோடு போளூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவள் கோபப்படவில்லை. “அப்ப அடுத்த ஞாயித்துக்கெழம” என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறு டீச்சர் வடை பாயசத்தோடு சமைத்துப் போட்டார். அதற்குப் பிறகு அவர் யாரையும் ஒருநாள் வாங்க என்று சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு இது ஒரு சமயம் வேடிக்கையாகவும் ஒரு சமயம் எரிச்சலாகவும் இருக்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன். ஏன் இப்படி ஒவ்வொரு வார்த்தைக்கும் உயிரைக் கொடுக்கிறாய், நாங்களே அவ்வளவு பார்ப்பதில்லையே என்று. அவள் படுக்கையில் இருந்த எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்.

“என் பாஷைல நான் நிறைய பொய் சொல்லியிருக்கேன் அக்கா. எங்க அம்மாகிட்ட, சிநேகிதிகிட்ட, சாமிகிட்டகூட. இது எனக்குப் புது பாஷை. இதுல இன்னும் ஒண்ணுகூடச் சொல்லல.”

பிறந்ததிலிருந்து பேசும் பாஷையில் நான் சொன்ன பொய்களை நினைத்துச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

எங்கள் அத்தா மெத்தை வியாபாரி. தேரடிப் பக்கம் பஞ்சு மெத்தைக் கடை. இந்த ஊர் லாட்ஜ்களில் படுத்துத் தூங்கியவர்கள் பெரும்பாலும் எங்கள் அத்தாவின் மெத்தையில்தான் தூங்கியிருப்பார்கள். ஒருநாள் கடையில் மெத்தை உறையை மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. என் வீட்டுக்காரர் சவூதியில் வேலையில் இருந்ததால் நான் அம்மா வீட்டோடு வந்து, கடையைப் பார்த்துக்கொண்டேன். அத்தாவின் கையையும் காலையும் தேய்த்துப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மிஷன் இல்லத்தில் விசாரித்தபோது பெரிய சிஸ்டர் இவளை அனுப்பினார்.

மிஷன்காரப் பெண் முஸ்லிம் வீட்டுக்குள் தினமும் வருகிறாள் என்றால் தெரு சும்மா இருக்குமா? சொந்தக்காரர்கள் சிலர் அம்மாவின் காதைக் கடித்தார்கள். அம்மா மனசில் வைத்துப் புழுங்குகிற ரகம் இல்லை. மறுநாளே டீயை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. எங்களை உங்க மதத்துக்கு மாத்தத்தான் வந்தியா?”

சின்ன சிஸ்டர் டீயைக் கீழே வைத்தாள். தரையைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று நினைத்தேன்.

“ஆசை இருக்கும்மா. எல்லாருக்கும் ஏசுவைத் தெரியணும்னு ஆசை. அதுக்குத்தான் ஊரை விட்டு வந்தேன். ஆனா இந்த வீட்டுக்கு அத்தா கையைத் தேய்க்க வந்தேன். இங்க அதை மட்டும்தான் செய்வேன்.”

“வேற எதுவும் பேச மாட்டே?”

“பேச மாட்டேன்.”

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் டீயை எடுத்து மறுபடி அவள் கையில் கொடுத்து, “ஆறிப்போவுது, குடி” என்றாள். காதைக் கடித்தவர்கள் அடுத்த தடவை வந்தபோது அம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: “அப்படி ஒண்ணும் இல்லவே இல்லம்மான்னு சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேன்.”

அத்தாவுக்கும் அவளுக்கும் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேருக்கும் ஒரே வேலை, தமிழ் கற்றுக்கொள்வது. அத்தாவுக்கு நாம் பேசுவதெல்லாம் புரியும், திருப்பிச் சொல்லத்தான் வராது. அவள் ஜன்னலைக் காட்டி “ஜன்னல்” என்பாள். அத்தா வாயைக் கோணிக்கொண்டு முயன்று பார்ப்பார். அவர் கண்ணால் சொம்பைக் காட்டுவார். அவள் “குடம்?” என்பாள். இல்லை என்று தலையாட்டுவார். கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அத்தாவுக்குத் தண்ணீர் கேட்க வராது, ஆனால் பிரார்த்தனையில் துஆ ஓத ஆரம்பித்தால் தடங்கலே இல்லாமல் வரும். மனசில் ஊறிப்போனது எல்லாம் அப்படி வரும் என்று டாக்டர் சொன்னார். இன்னொன்றும் சுத்தமாக வந்தது. கடைப் பையன்களைத் திட்டித் திட்டிப் பழகிய “பேமானி”. அவளைப் பார்த்து அவர் முதலில் சொன்ன வார்த்தையே அதுதான். அவள் மரியாதையாகக் கைகூப்பித் திருப்பிச் சொன்னாள். அர்த்தம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தாவும் பாதி வாயால் சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இப்போது இருவரும் இங்கே இல்லை. அத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கு முன்பே அவள், விசா நீட்டிப்பு கிடைக்காமல், ஊருக்குத் திரும்பிவிட்டாள். இப்போது இன்னொரு நாட்டில், இன்னொரு பாஷையை அரிச்சுவடியிலிருந்து படிக்கிறாளாம். அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது என் தம்பியின் விஷயம்தான்.

தம்பி, அடி அண்ணாமலை கிராமத்துப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடையில் வேலை செய்த பெண், இந்துக் குடும்பம். இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை. ரிஜிஸ்தர் செய்துகொண்டு நேரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஜமாத்துப் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தா எழுந்துபோய் வாசலை மறித்து நின்று, “நான் கூப்பிடற வரைக்கும் இந்தப் படியை மிதிக்காதே” என்றார். அவன் அவளைக் கூட்டிக்கொண்டு அப்படியே திரும்பினான். கிருஷ்ணகிரியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்தான். அத்தாவுக்குக் கோபம் தணிய ஆரம்பித்த சமயத்தில்தான் பக்கவாதம் வந்தது. தணிந்த கோபத்தைச் சொல்ல வாய் இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு அத்தாவின் ஒரே கேள்வி அவன்தான். நல்லாயிருந்த இடது கையை வாசல் பக்கம் தூக்கி “ம்?” என்பார். அம்மா அடுப்படியிலிருந்தே சொல்வாள், “வந்துக்கினே இருக்கான். பஸ் ஏறிட்டானாம்.” நாங்கள் அவனுக்கு எத்தனையோ தடவை போன் செய்தோம். வரவில்லை. அதை அத்தாவிடம் எப்படிச் சொல்வது? அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார். ‘வந்துக்கினே இருக்கான்’ என்பது எங்கள் வீட்டில் மாத்திரை மாதிரி வேளாவேளைக்குக் கொடுக்கப்பட்டது. நாளாக ஆக அத்தா அதைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தார். நம்பவில்லை.

ஒருநாள் நான் கடைக்குப் போயிருந்தேன். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அத்தா கையைத் தூக்கி “ம்?” என்றார். அறையில் இருந்தவள் சின்ன சிஸ்டர் மட்டும். அவள் அந்தக் கேள்வியையும் பதிலையும் தினமும் கேட்டிருக்கிறாள். தம்பி வெளியூரில் வேலை செய்கிறான், வரப்போகிறான் என்றுதான் அவளுக்குத் தெரியும். அம்மாவின் ராகத்திலேயே சொன்னாள்: “வந்துக்கினே இருக்கான். பஸ் ஏறிட்டானாம்.”

அவள் சொன்னதை அத்தா நம்பிவிட்டார். டீச்சர் வீட்டு விருந்து முதல் எல்லாம் அவருக்குத் தெரியும். இந்தப் பெண் சொன்னால் அது நடக்கும் என்று. முகத்தைத் தடவிக் காட்டி சவரம் செய்யச் சொன்னார். பீரோவைக் காட்டி வெள்ளைச் சட்டை எடுக்கச் சொன்னார். நான் மதியம் வந்தபோது அவர் தலையணைகளில் சாய்ந்து வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அத்தர் வாசனை அடித்தது. சாப்பிட மாட்டேன் என்றுவிட்டார், அவன் வந்த பிறகு சேர்ந்து சாப்பிட வேண்டுமாம். அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பொழுது சாயும்வரை அத்தா அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் தானாகவே சரிந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சின்ன சிஸ்டர் வெளியே என்னிடம் வந்து, “அக்கா, பஸ் ரொம்ப லேட்டா?” என்று கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னேன்.

“அப்ப நான் பொய் சொல்லிட்டேன்.”

“நீ எங்க சொன்னே? அம்மா சொல்றதைத் திருப்பிச் சொன்னே. தெரியாமத்தானே.”

“என் வாய்தானே அக்கா சொன்னது. என்னைத்தானே நம்பினாரு.” தலையை நிமிர்த்தினாள். “தம்பி எங்க இருக்காரு?”

நான் கூடப் போகாவிட்டாலும் அவள் தனியாகப் போயிருப்பாள். அந்த வாரமே கிருஷ்ணகிரி பஸ்ஸில் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னக் கடை. தம்பி இளைத்திருந்தான். அவன் மனைவிதான் எங்களுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாள், டீ வாங்கி வந்தாள். எங்களோடு என்ன பேசுவது, பேசலாமா என்று தெரியாமல் ஓரமாக நின்றாள்.

“ஆஸ்பத்திரில அவர் நெனவில்லாம கெடந்தப்ப வந்தேன்க்கா” என்றான் தம்பி. “கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துட்டுத்தான் போனேன். வீட்டுக்கு எப்படி வர்றது? நாலு பேரு எதிர்ல இன்னா சொன்னாரு? நான் கூப்பிடற வரைக்கும் படியை மிதிக்காதேன்னாரு. அவர் கூப்பிடட்டும்.”

“அவரால பேச முடியாதுடா.”

“தெரியும். நான் மட்டும்னா மானத்தை விட்டுட்டு வந்துடுவேன். இவளையும் கூட்டிக்கினு வந்து, யாரும் மூஞ்சி குடுக்காம மூலைல நிக்க வைக்கவா? அதை என்னால பாக்க முடியாது.”

திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பெற்றவர் படுத்துக் கிடக்கும்போது பழைய வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே என்று பஸ் முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அவர் பண்றது சரிதான் அக்கா. வராதேன்னு சொன்னாங்க, வரல” என்றாள். செங்கம் வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை.

மறுநாள் வழக்கம்போல வந்தாள். எண்ணெயைச் சூடு பண்ணினாள். அத்தாவின் கையை மடியில் வைத்துக்கொண்டு, தேய்க்காமல், அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

“அத்தா, நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். தம்பி பஸ்ல இல்ல. நீங்க கூப்பிடற வரைக்கும் வராதேன்னு நீங்க சொன்னீங்களாம். அதனாலதான் வரல. நாங்க போய்ப் பாத்தோம். நல்லா இருக்காரு. நீங்க கூப்பிட்டா வருவாரு.”

அத்தா அவளையே பார்த்தார். கோணிய வாய் நடுங்கியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் அப்படி அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். என்ன நடந்ததென்று புரிந்ததும் அவளுக்கு ஆவேசம் வந்துவிட்டது.

“அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ பொறுப்பா? இத்தனை நாளு நாங்க பாத்துப் பாத்து வெச்சிருக்கோம், உன் உண்மையைக் கொண்டாந்து கொட்றியா? எழுந்து போ. இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதே.”

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டுப் போனாள். போகும்போது அத்தாவிடம் “நாளைக்கு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வந்தாள். அம்மா கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு எனக்கும் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாள். அவள் கூப்பிடவும் இல்லை, தட்டவும் இல்லை. வெயிலில் சைக்கிள் பக்கத்தில் நின்றாள். அப்போது உள்ளேயிருந்து டங் டங் என்று சத்தம் கேட்டது. அத்தா இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா போய் “என்னங்க, தண்ணி வேணுமா?” என்று கேட்டாள். தட்டல் நிற்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே தட்டினார். கை சிவந்துவிட்டது. கடைசியில் அம்மாதான் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். முகத்தைப் பார்க்காமல் “எண்ணெய் அடுப்பு மேல இருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து அவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் பாடம். ஜன்னல், சொம்பு எல்லாம் போயிற்று. ‘வா’. எத்தனை சின்ன வார்த்தை. அவள் பல்லையும் உதட்டையும் காட்டிச் சொல்வாள். அத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு முயல்வார். “பா” வரும், “ஆ” வரும். சில சமயம் வெறும் காற்று வரும். ஆத்திரத்தில் “பேமானி” வரும். வேர்த்து ஊற்றும். அவள் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். நோன்பு மாதம் வந்தது, போனது. எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. அத்தாவுக்கு இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

ஒருநாள் காலையில் ஒரு லாட்ஜுக்குப் போக வேண்டிய மெத்தைகள் வீட்டு வராந்தாவில் இருந்தன. கடையில் இடம் போதாததால் இங்கே அடுக்கியிருந்தோம். லோடு வண்டி பின்பக்கமாகச் சந்துக்குள் வந்துகொண்டிருந்தது. நான் வாசலில் நின்று டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அது சரியாக வராது. சுவரில் இடித்துவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

“வா, வா, வா, வா... ஹோல்டான்.”

அத்தாவின் பழைய குரல். கடை வாசலில் வாழ்நாளெல்லாம் வண்டிகளைப் பின்வாங்க வைத்த குரல். என்ஜின் சத்தம் காதில் விழுந்ததும் தன்னால் வந்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். சின்ன சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிலையாகியிருந்தாள். அத்தா தன் வாயையே இடது கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எங்கள் தெரு வேடிக்கை பார்த்தது. ஏற்றுவதற்கு மெத்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிரைவர் காலையில் கடைக்குப் போகுமுன் எங்கள் சந்துக்குள் வண்டியைப் பின்னால் விட்டு முன்னால் எடுத்துக்கொண்டு போவார். உள்ளே அத்தா வா வா என்று கூப்பிடுவார். பிறகு வண்டி போன கையோடு சொல்லிப் பழகினார். பிறகு வண்டியே இல்லாமல். பத்துத் தடவைக்கு ஒரு தடவை வந்தது, பிறகு இரண்டு தடவை.

ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அத்தா என் போனைக் காட்டினார். நான் தம்பியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டு அவர் மார்மேல் வைத்தேன்.

“சொல்லுக்கா.”

“அத்தா பேசறாரு” என்றேன்.

அத்தாவுக்கு மூச்சு வாங்கியது. “பிஸ்மில்லாஹ்” என்று தடங்கலில்லாமல் வந்தது. அப்புறம் உதடு நடுங்கியது, எதுவும் வரவில்லை. “பா... பா...” என்றார். “பேமானி” என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அம்மாவால் பொறுக்க முடியவில்லை. “டேய், அத்தா உன்னை...” என்று ஆரம்பித்தாள். சின்ன சிஸ்டர் அம்மாவின் முழங்கால்மேல் கையை வைத்து அழுத்தினாள். அம்மா நிறுத்திக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியவில்லை. தம்பியும் போனை வைக்கவில்லை. அவன் மூச்சுவிடுவது எங்களுக்குக் கேட்டது.

“வா” என்றார் அத்தா.

போன் கட்டாகிவிட்டது. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. அழுகிறானா, கோபமா, சார்ஜ் போய்விட்டதா, ஒன்றும் தெரியவில்லை. அத்தா மட்டும் நிம்மதியாக வெள்ளைச் சட்டையைக் காட்டினார். சின்ன சிஸ்டர் அன்று இல்லத்துக்குத் திரும்பவில்லை. பெரிய சிஸ்டருக்குப் போன் செய்து அனுமதி வாங்கிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் தெருவில் பைக் வந்து நின்றது. தம்பி செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்குக் கீழே நின்றான். எதிர்வீட்டு டீச்சர் உட்பட எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். அவன் கட்டிலைப் பார்த்தான். அத்தா தலையை ஆட்டினார். அவன் படியேறி உள்ளே வந்து கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து அவர் விலாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அம்மா வாய்விட்டு அழுதாள். நானும்தான்.

அவன் மனைவி வெளியே பைக் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் பழப்பை. தலையில் முந்தானையைப் போட்டிருந்தாள். தம்பி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிடுவது தன் வேலையில்லை என்று இருந்தான். அம்மா வாசலைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. தெருவே அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அத்தா தம்பியின் தலையை மெல்லத் தட்டினார். விலகு என்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று; அவன் வாசலை மறைத்துக்கொண்டிருந்தான். அவன் நகர்ந்தான். அத்தா வெளியே நின்றவளைப் பார்த்தார். வாய் கோணியது. சின்ன சிஸ்டர் உதவப் போவதுபோல ஓர் அடி எடுத்து வைத்தாள், அப்புறம் நின்றுவிட்டாள். அத்தாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

“வாம்மா” என்றார்.

அந்தப் பெண் படியில் கால் வைத்தாள். அம்மா எழுந்துபோய் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

சின்ன சிஸ்டர் எண்ணெய்க் கையோடு என் கையை இறுக்கிப் பிடித்தாள். “இதை நாங்க பழகவே இல்லையே அக்கா” என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து, அதுவரை எங்கள் காதில் ஒரு வார்த்தைகூட விழுந்திராத அவள் ஊர்ப் பாஷையில் ஏதேதோ சொல்லி அழுதாள்.